நேரில் ஆய்வு செய்யப்பட்டது

கால்ல இடிக்குதா தம்பி? இடிச்சா சொல்லிருங்க, இந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கிடுதேன். கண்டக்டர் இஞ்சின் பேனட் மேல வைங்கன்னாரு, நான் மாட்டேன்னுட்டேன். இதுக்குச் சூடு ஆகாது. மடியிலதான் கொண்டுபோகணும்.

சேலையைச் சுத்தி வச்சிருக்கானே, உள்ள என்னன்னு பாக்கீங்களா? கம்ப்யூட்டர் தம்பி. டிவி மாதிரி இருக்குமே, அது இல்ல. அதுக்குப் பக்கத்துல ஒரு பொட்டி இருக்கும்ல, அது. சேலை எங்க வீட்டம்மாவோடது. அவளே சுத்தி முடிச்சுப் போட்டுக் குடுத்தா.

நீங்க திருச்செந்தூர் போயிட்டு வாரீங்களோ? நெத்தியப் பாத்ததும் நினைச்சேன். இலை விபூதி வாங்கியிருப்பீங்க. சந்தனமும் குடுத்திருப்பாங்களே? சரி சரி. சும்மா கேட்டேன்.

மதுரையில ஒரு ஹால்ல இந்தப் பொட்டிக்காக ஆளுங்க காத்திருக்காங்க. நம்பமாட்டீங்க. திண்டுக்கல்லு, ஈரோடு, எங்கெங்கேயோ இருந்து கிளம்பி வாராங்க, இதுல இருக்கிற கோளாறைப் பாக்கிறதுக்கு. நோட்டீஸ்ல என் பேரு போட்டிருக்கு. இருங்க, போன்ல காட்டுதேன்... இந்தா பாருங்க. 'உலகநாதன் சார் கணினி: நேரடி ஆய்வு'. அந்தப் படத்துல கண்ணாடி போட்டிருக்கிறது நான் இல்ல, யாரோ வெள்ளைக்காரன். பேரு என்னோடதுதான்.

ஒரே ஒரு சிக்கல். கோளாறு சரியாப் போச்சு.

சிரிக்காதீங்க தம்பி. சிரிக்கிற விஷயமில்ல. முதல்ல இருந்து சொல்லுதேன், நீங்களே ஒரு வழி சொல்லுங்க.

நான் ஒரு அரசாங்க ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க. நீங்க எப்பவாச்சும் மனு குடுத்து அலைஞ்சிருப்பீங்க, இந்த பஸ்ஸுலயே சண்டை வந்துரும். என் மேசைக்கு எந்த ஃபைல் வந்தாலும் கடைசியில ஒரு வரி எழுதுவேன்: 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது.' நேர்ல போனீங்களான்னு கேக்கீங்க. சேரை விட்டு எந்திரிச்சாத்தானே தம்பி போறதுக்கு? அந்த வரி எழுதுறதுக்கு நான் யோசிக்கவே வேண்டாம், கை பாட்டுக்கு எழுதிரும். எழுதி முடிச்சதும் எனக்கே போய்ப் பாத்துட்டு வந்த மாதிரி இருக்கும். சில சமயம் கால் வலிக்கக்கூடச் செய்யும்.

ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலையும் கழுத்துமா வேன்ல கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டாங்க. மறுநாள்ல இருந்து போன் அடிக்கல. நான் போன்தான் ரிப்பேருன்னு நினைச்சு கடையில கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரன் அவன் போன்ல இருந்து என் நம்பருக்கு அடிச்சுக் காட்டுனான். நல்லாத்தான் அடிச்சுது. அப்புறம் லோன் வேணுமா சார்னு ஒரு பிள்ளை மட்டும் கூப்பிடும். லோன் வேண்டாம்மா, நீ எந்த ஊரு, சாப்பிட்டியான்னு கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருப்பேன். இப்ப அதுவும் கூப்பிடுறதில்ல.

எங்க வீட்டம்மா ஆவுடை கதை இதுக்கு நேர் எதிர். அவ போன் ஓய்ச்சலே இல்லாம அடிக்கும். அவ தேவாரம் சொல்லிக்குடுக்கா. சனிக்கிழமை சாயங்காலமானா கனடா, மலேசியா, எங்கெங்கேயோ இருக்கிற நம்ம பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல வந்து உக்காந்துருங்க. கட்டம் கட்டமா மூஞ்சி. அவ பாட, அதுங்க பாட. நான் ஹால்ல இரும முடியாது, தும்ம முடியாது. மோர் வேணும்னா எந்திரிச்சு நானே ஊத்திக்கிடணும். கம்ப்யூட்டர் நான் சர்வீஸ்ல இருக்கிறப்ப வாங்கினது, ஆனா அதை முழுசா ஆண்டவ அவதான். எனக்குப் பொறாமை இல்ல. பெருமைதான். இருந்தாலும் ஒரு வீட்டுல ஒரு ஆளுக்கே எல்லா போனும் வந்தா எப்படி?

போன ஆயுத பூஜைக்கு அந்தப் பொட்டியைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, பூஜையில வச்சோம். வச்சோம் என்ன, வச்சேன். பூஜை நம்ம டிபார்ட்மென்ட். அவ சுண்டல் மட்டும்தான். மறுநாள் விஜயதசமி. புதுசா சேர்ற பிள்ளைங்க அன்னைக்குத்தான் ஆரம்பிக்குங்க. ஆவுடை பட்டுச்சேலை கட்டிட்டு உக்காந்தா. கேமரா வேலை செய்யல. அந்தப் பக்கம் பிள்ளைங்க "டீச்சர் உங்களைக் காணோம், டீச்சர் உங்களைக் காணோம்"னு கத்துது. கேமராவோட வால் குட்டை, பொட்டிக்கு முன்னாடி இருக்கிற ஓட்டையிலதான் எட்டும். ரெண்டு ஓட்டையிலயும் மாத்தி மாத்திச் சொருகுனா. ம்ஹூம்.

என்னைப் பாத்து, "என்னங்க, இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்"னா.

தம்பி, அந்த வார்த்தையை நான் கேட்டு எவ்வளவு காலமாச்சு தெரியுமா? என்னன்னு கொஞ்சம் பாருங்களேன். ஆபீஸ்ல நாள் பூரா கேட்டுக்கிட்டிருந்த வார்த்தை. எனக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்துருச்சு. நீ எந்திரின்னேன். நான் பாத்துக்கிடுதேன்னேன்.

கம்ப்யூட்டர் கடைக்குப் போய் விசாரிச்சேன். "அது பழசு சார், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க"ன்னான். எனக்கு வந்துதே கோவம்! நானும் பழசுதான், என்னையும் தூக்கிப் போட்டுருவியாடான்னு கேட்டேன். அவன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். அந்தப் பார்வைதான் எனக்கு இன்னும் கோவம்.

அப்புறம் போன்ல தேடினதுல லினக்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியுமா? விண்டோஸ் மாதிரிதான், ஆனா யாருக்கும் சொந்தமில்ல, யாரு வேணும்னாலும் போட்டுக்கிடலாம், பழைய மிஷின்லயும் ஓடும். பழசுக்கும் மதிப்புக் குடுக்கிற சாமான் ஒண்ணு இருக்கேன்னு சந்தோசம். தமிழ்லயே அதுக்கு ஒரு வாட்ஸப் குழு. சேர்ந்தேன். சேர்ந்து முதல் பதிவு போட்டேன்.

நான் எப்படி எழுதுவேன்? எனக்குத் தெரிஞ்சது ஒரே நடைதானே. 'ஐயா, மேற்படி கணினியில் கேமரா இயங்காமை தொடர்பாக லினக்ஸ் நிறுவ உத்தேசிக்கப்பட்டு, பென்டிரைவ் மூலம் முயன்றதில், மேற்படி பென்டிரைவை மேற்படி கணினி அங்கீகரிக்க மறுக்கிறது என்பதைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.' போட்டுட்டு ஒரு வாய் காபி குடிக்கல, போன் டிங் டிங் டிங்குன்னு அடிக்க ஆரம்பிச்சுருச்சு. ஆவுடை அடுப்படியில இருந்து, "என் போனா?"ன்னு கேட்டா. "இல்ல, என் போனு"ன்னேன். நல்லா கேக்கட்டும்னு இன்னொரு தடவையும் சொன்னேன்.

குழுவை நடத்துறது ஜெபராஜ்னு மதுரைக்காரரு. மெஹருன்னு திண்டுக்கல்ல ஒரு பிள்ளை, காலேஜ்ல பாடம் எடுக்குது. இவங்க ரெண்டு பேரும்தான் என் கேஸைக் கையில எடுத்தாங்க. மெஹருன் எடுத்த எடுப்புல கேட்ட கேள்வி: "சார், பென்டிரைவைப் பின்பக்கம் இருக்கிற ஓட்டையில சொருகிப் பாத்தீங்களா?"

சாதாரண கேள்விதான். ஆனா எங்க வீட்டுல அந்த மேசை எங்க கிடக்குங்கீங்க? ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் கட்டில், பின்னாடி சுவரு. பொட்டிக்குப் பின்னாடி கை போகணும்னா மேசைக்கு அடியில குனிஞ்சு, தவழ்ந்து உள்ள போகணும். முப்பது வருஷத்துக்கு மேல அடுத்தவங்க என் மேசைக்கு முன்னாடி குனிஞ்சிருக்காங்க தம்பி. நான் குனிஞ்சதில்ல. கை பாட்டுக்கு டைப் அடிச்சுருச்சு: 'பின்பக்கம் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. பலன் இல்லை.'

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த அறிவாளிங்க எல்லாரும் பாவம், நான் சொன்னதை நம்பி வேலை செய்ய ஆரம்பிச்சாங்க. முன்பக்கமும் இல்ல, பின்பக்கமும் இல்லன்னா கோளாறு உள்ளதான் இருக்கணும்னு முடிவு. பென்டிரைவை பிரவுசிங் சென்டர்ல வச்சு அழிச்சு மறுபடி எழுதச் சொன்னாங்க. எழுதினேன். வேற பென்டிரைவ் வாங்கச் சொன்னாங்க. வாங்கினேன். பொட்டி கண்ணு முழிக்கும்போதே ஒரு நீலத் திரை வரும், அதுல போய் எதை முதல்ல தேடணும், எதை அப்புறம் தேடணும்னு வரிசையை மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன். அதுல கூடுதலா நானே ஒண்ணை மாத்தி, தேதி பின்னாடி போயி, கம்ப்யூட்டருக்கு நான் இன்னும் சர்வீஸ்ல இருக்கிற வருஷம் வந்துருச்சு. அதை மட்டும் நான் உடனே திருத்தல.

காலையில எந்திரிச்சா குழுவுல முதல் செய்தி எனக்குத்தான். 'சார், இன்னைக்கு என்ன நிலவரம்?' நான் பல்லு விளக்கிட்டு உக்காந்து நிலவரம் எழுதுவேன். ஒருநாள் காய்ச்சல்ல எழுதல. 'சார் எங்க, சாருக்கு என்ன ஆச்சு'ன்னு அத்தனை பேரு கேட்டிருக்காங்க. ஜெபராஜ் போனே பண்ணிட்டாரு. "சார், நீங்க எழுதுறதைப் படிக்கத்தான் பாதிப்பேரு குழுவுல இருக்காங்க"ன்னாரு. மரியாதைக்குச் சொல்லுதாரு. எல்லாம் இந்தக் கோளாறுக்கு உள்ள மவுசு. இது சாதாரணக் கோளாறு இல்ல, அப்படிப்பட்டவங்களுக்கே பிடிபடலைல்லா!

கடைசியில மெஹருன் ஒரு டிவிடியில லினக்ஸை எழுதி தபால்ல அனுப்பிச்சு விட்டுது. அது உள்ள போயிருச்சு. போட்டதும் திரை கருப்பா நின்னுது. அதுக்கு ஒரு வாரம் விவாதம். ஆரம்பிக்கிறப்ப ஒரு வார்த்தை சேத்து அடிச்சா படம் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. வந்துது தம்பி. பச்சைப்பசேல்னு ஒரு மலைப்படம். நானே வரைஞ்ச மாதிரி ஆவுடையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவ, "கேமரா?"ன்னா.

கேமரா வரல. பென்டிரைவும் தெரியல. லினக்ஸ்கிட்ட என்னென்ன சொருகியிருக்குன்னு பட்டியல் கேட்டா, ஒண்ணும் சொருகலைங்குது. மெஹருன் மறுபடியும் கேட்டுது, "சார், பின்பக்கம் நிச்சயமா பாத்தீங்கள்ல?" மேற்படி பொருள் குறித்து ஏற்கனவே அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டுவிட்டதுன்னு எழுதினேன். கொஞ்சம் காரமாவே எழுதினேன். பாவம், அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டுது.

இதுக்கு இடையில ஆவுடை என்ன செஞ்சாங்கீங்க? போன்லயே கிளாஸ் எடுத்தா. அடுப்படி மேடையில அஞ்சறைப் பெட்டி மேல போனைச் சாய்ச்சு வச்சு, கழுத்தை வளைச்சுக்கிட்டு. அந்தச் சின்னத் திரையில பிள்ளைங்க வாய் தெரியாது. வாயைப் பாத்தாத்தானே எங்க தப்பு விடுதுன்னு திருத்த முடியும்? கழுத்து வலிக்கு ராத்திரி ஒத்தடம் குடுப்பா, அவளே. ரெண்டு பிள்ளைங்க நின்னுருச்சு. அன்னைக்கு அவ சாப்பிடல. ஆனாலும் எப்பங்க முடியும்னு அவ கேக்கிறப்ப, என் வாய், "ஆய்வில் இருக்கு"ன்னுதான் சொல்லுது.

"உங்க ஆபீஸுக்கு மனு குடுத்தவங்க பட்ட பாடு இப்பத்தான் எனக்குத் தெரியுது"ன்னா.

சாத்தூர் தாண்டிட்டோமா? நல்லது. காத்து முகத்துல அடிக்குதா, கண்ணாடியை இழுத்து விடவா? சரி.

போகி அன்னைக்கு வீடு ஒதுங்க வைக்கிறேன்னு ஆவுடை என்னைக் கேக்காம பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மேசையை வெளிய இழுத்துட்டா. நான் அலறிட்டேன். ஆய்வுல இருக்கிற சாமானை ஆடாம அசையாமல்ல வைக்கணும்? பொட்டியைத் தூக்கி முற்றத்துல வெயில்ல வச்சேன். வச்சுட்டுத் துடைக்கலாம்னு உக்காந்தேன். வெயில் நேரா அந்த முன்பக்கத்து ஓட்டைக்குள்ள விழுந்துது.

உள்ள மஞ்சளா ஏதோ இருக்கு.

ஊக்கை விட்டு நோண்டினேன். உதிர்ந்து விழுந்துது. மோந்து பாத்தேன். நல்ல வாசம் தம்பி. அசல் சந்தனம். நானே கல்லுல உரைச்சது.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் பொட்டு எப்படி வைப்பாங்க? மேலாப்புல தொட்டு வைப்பாங்க, ரெண்டு நாள்ல உதிர்ந்துரும். நான் எதையும் முழுசாச் செய்யுற ஆளு. சந்தனத்தைத் தண்ணியாக் கரைச்சு, நல்லா நிக்கட்டும்னு அந்த ஓட்டைக்குள்ள விரலை விட்டு அழுத்தி வச்சிருக்கேன். ரெண்டு கண்ணு மாதிரி ரெண்டு ஓட்டை இருக்கே, ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்னு ரெண்டுக்கும் வச்சிருக்கேன். அது காஞ்சு கல்லாயிருச்சு. மூணு மாசமா தமிழ்நாட்டு மூளையெல்லாம் சேர்ந்து தேடினது என் மோதிர விரல்ல இருந்திருக்கு.

ரெண்டையும் சுத்தம் பண்ணி, முற்றத்துக்கே வயர் இழுத்து கரன்ட் குடுத்து, கேமராவைச் சொருகினேன். பச்சை லைட் எரிஞ்சுது. பழைய விண்டோஸே இருந்திருந்தாலும் எரிஞ்சிருக்கும். பின்னாடி சொருகிப் பாத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். ஆவுடை வந்து பாத்தா. கையில இருந்த சந்தனத்தைப் பாத்தா. என் மூஞ்சியைப் பாத்தா. சிரிக்க ஆரம்பிச்சவ நிக்க முடியாம முற்றத்துலயே உக்காந்துட்டா. கல்யாணம் ஆனதுல இருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எனக்குச் சிரிப்பு வரல தம்பி. அழுகைதான் வந்துது. ஏன்னா அன்னைக்குக் காலையிலதான் அந்த நோட்டீஸ் வந்துச்சு. 'உலகநாதன் சார் கணினி: நேரடி ஆய்வு.' பொங்கல் கழிச்சு எல்லாரும் சந்திக்கிறோம், சாரை நேர்ல பாக்கப் போறோம்னு ஆளாளுக்குப் பூவும் கைதட்டலுமாப் போட்டிருக்காங்க.

'குறைபாடு நிவர்த்தி செய்யப்பட்டது'ன்னு டைப் அடிச்சேன். அழிச்சேன். திரும்ப அடிச்சேன். அழிச்சேன். அதை அனுப்பிட்டா ஃபைல் முடிஞ்சுது. முடிஞ்ச ஃபைலை யாரு தம்பி திரும்ப எடுத்துப் பாப்பா? நானே எத்தனை ஃபைலை முடிச்சுக் கட்டிப் போட்டிருக்கேன். ஒரு தடவை கட்டினா கட்டினதுதான். மறுநாள் காலையில நிலவரம் என்னன்னு எவன் கேப்பான்?

ஆவுடைகிட்ட சொன்னேன். நான் போகல, உடம்பு சரியில்லன்னு சொல்லிருதேன்னேன். அவ, "கோளாறு இல்லன்னா உங்களை உள்ள விடமாட்டாங்களாக்கும்?"னு கேட்டா. அவளுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது. வேலை இல்லாத இடத்துல ஒரு மனுஷன் போய் என்னன்னு நிப்பான்? "போய் நாலு மனுஷங்க மூஞ்சியைப் பாத்துட்டு வாங்க. சனிக்கிழமைக்குள்ள பொட்டி வீட்டுக்கு வந்துரணும், நின்னுபோன பிள்ளைங்களையும் வரச் சொல்லியிருக்கேன்"னா. அவளே சேலையைச் சுத்தினா. இந்தா, காலுக்கடியில இருக்கே தூக்குவாளி, இதுல புளியோதரை கட்டிக் குடுத்திருக்கா. பதினஞ்சு பேரு சாப்பிடலாம். நான் ஒரு ஆளு, எதுக்கு இவ்வளவுன்னு கேட்டா, கை தவறி அரிசி கூடிருச்சுங்கா. வயசாகுதுல்லா, அளவு தெரியல.

இப்ப பாருங்க, ஜெபராஜ் செய்தி போட்டிருக்காரு. 'சார், எங்க வாரீங்க? மாட்டுத்தாவணிக்கு வண்டி அனுப்பியிருக்கோம். மெஹருன் வந்தாச்சு, உங்களை எப்ப பாக்கலாம்னு கேட்டுக்கிட்டே இருக்கா.' பாத்தீங்களா, எவ்வளவு ஆர்வம்! இவங்க எல்லாரும் அவ்வளவு தூரத்துல இருந்து வந்து, சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, பொட்டியைச் சுத்தி நின்னு, சொருகிப் பாத்தா பச்சை லைட் எரியும். என்ன நினைப்பாங்க? ஒரு நல்ல கோளாறை நம்பி வந்தவங்களை ஏமாத்தலாமா? எனக்கு மனசு கேக்கல.

திருமங்கலம் வந்துருச்சா? அப்ப நேரமில்ல. தம்பி, தப்பா நினைக்காதீங்க. அந்த இலையில சந்தனம் இருக்குன்னீங்கள்ல? அதுல ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டுதான். பொடியா இருந்தா இந்தா, பாட்டில்ல தண்ணி இருக்கு, மூடியில கரைச்சுக்கிடலாம்.

அப்படித்தான். முடிச்சை நான் அவுக்கேன். பஸ் ஆடுது, நான் பொட்டியைப் பிடிச்சுக்கிடுதேன், நீங்களே வச்சு விட்டுருங்க. மோதிர விரல்ல எடுங்க. சும்மா தொட்டு வைக்காதீங்க, உள்ள விட்டு நல்லா அழுத்தி... இருங்க, இருங்க தம்பி! இடது பக்கத்து ஓட்டைக்கு மட்டும். வலது பக்கத்தைத் தொட்டுராதீங்க. சனிக்கிழமை அவளுக்குக் கிளாஸ் இருக்கு.